போட்டி இல்லாத கலையின் உரைகல்

ஜூடோ 1964-இலேயே டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பிடித்துவிட்டது. கராத்தேயும் 2021-இல் அதே நகரில் அந்த மேடை ஏறியது. ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலைக்கு அந்த ஆசை இருந்ததே இல்லை. 1883-இல் தனாபேயில் பிறந்த அதன் மூலவர் மொரிஹேய் உவேஷிபா, போட்டி கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர். 1969-இல் அவர் மறைந்த பிறகும் பெரும்பாலான பள்ளிகள் அவர் சொல்லைத் தட்டவில்லை. பதக்கமும் கிடையாது, தரவரிசையும் கிடையாது. அப்படியானால் ஒரு கூடத்தின் வித்தை எத்தனை மாற்று என்று எங்கே உரசிப் பார்ப்பது? வார இறுதிப் பயிற்சி முகாம்தான் அதற்கான இடம்.

இந்த வழக்கம் வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. டோக்கியோ தலைமைக் கூடத்தில் தேறிய இளைஞர்கள் அறுபதுகளில் திசைக்கு ஒருவராகப் புறப்பட்டார்கள். 1964-இல் தமுரா பிரான்ஸுக்கும், தடா இத்தாலிக்கும், யமடா நியூயார்க்குக்கும் போனார்கள். மறு ஆண்டு அசாய் ஜெர்மனி சென்றார். 1966-இல் சிபா இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஊருக்கு ஊர் கூடங்கள் முளைத்தன, ஆனால் ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. சின்ன ஊரில் சொல்லிக்கொடுப்பவரே போன வருடம் கறுப்பு பெல்ட் வாங்கியவராக இருப்பார். அவருடைய பிழையைத் திருத்த ஆள் வேண்டுமென்றால், ஒன்று அவர் ரயிலேறி முகாமுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் ஆசிரியரைத் தம் ஊருக்கு வரவழைக்கவேண்டும். பிரான்ஸில் பிரிட்டனி பகுதியின் லெஸ்னெவன் போன்ற சிற்றூர் ஐகிடோ உலகில் பெயர் பெற்றது தமுரா அங்கே நடத்திய கோடை முகாம்களால்தான்.

முகாமை ஒரு கல்விமுறையாகவே ஆக்கியவர் என்று ஜப்பானின் இவாமா ஊரைச் சேர்ந்த மொரிஹிரோ சைட்டோவைச் சொல்லவேண்டும். 1946-இல் உவேஷிபாவிடம் சேர்ந்து, 1969 வரை அவர் அருகிலேயே இருந்தவர். மூலவர் தனித்தனியாகக் காட்டிய வாள், தடிப் பயிற்சிகளை எண் போட்டு வரிசைப்படுத்தினார். வாள் வீச்சு 7, தடி வீச்சு 20, முப்பத்தொரு அசைவுகள் கொண்ட தடி வரிசை ஒன்று என்று அது போகும். மொழி தெரியாத ஐரோப்பிய மாணவர் கூட்டத்துக்கு முன்னால் நின்று கற்பிக்க இந்த எண்ணிக்கை எவ்வளவு உதவியிருக்கும்! அதைவிட முக்கியமான ஒன்றும் நடந்தது. உவேஷிபா 1938-இல் வெளியிட்ட, புகைப்படங்கள் நிறைந்த ‘புடோ’ என்ற நூல் 1981-இல் ஸ்டான்லி பிரானின் கையில் கிடைத்தது. ‘ஐகி நியூஸ்’ இதழை நடத்திவந்த அவர் அதைச் சைட்டோவிடம் காட்டினார். அன்றிலிருந்து சைட்டோ முகாமுக்குப் போகும்போதெல்லாம் அந்த நூலும் கூடவே போனது. ஒரு பிடியைச் செய்துகாட்டுவார். உடனே பக்கத்தைப் புரட்டி, இதோ பாருங்கள், மூலவரின் கால் இங்கேதான் இருக்கிறது என்று படத்தைக் காட்டுவார். ஆசிரியர் தம் சொல்லுக்குத் தாமே சான்று வைப்பது எல்லாக் கலையிலும் காணக்கிடைக்காத நேர்மை.

மற்றப் பள்ளிகளின் முகாம்களுக்கு வேறு முகம். கோசோ ஷியோடா 1955-இல் நிறுவிய யோஷின்கான் முகாமில் கட்டளைக்குக் கட்டளை அசைவு. டோக்கியோ கலவரத் தடுப்புப் போலீஸுக்குப் பயிற்சி தந்த பள்ளியல்லவா, அந்த மிடுக்கு தெரியும். கோய்ச்சி டோஹேய் 1974-இல் தலைமைக் கூடத்தை விட்டு விலகி வளர்த்த கி சங்கத்தில், நிற்பவரை மெல்லத் தள்ளி அவர் நிலை கலைகிறதா என்று சோதிப்பார்கள். கென்ஜி டொமிகியின் வழியில் போட்டியும் உண்டு, ஒருவர் கையில் மென்கத்தியோடு.

கலந்துகொள்பவருக்கு எழுதாத சட்டங்கள் பல. நகம் வெட்டியிருக்கவேண்டும், உடை துவைத்திருக்கவேண்டும், செருப்பு பாய் விளிம்பில் வெளிப்பக்கம் பார்த்திருக்கவேண்டும். ஆசிரியர் ஒரு பிடியை வலமும் இடமுமாக நாலைந்து முறை காட்டுவார். பிறகு அக்கம்பக்கத்தில் யாரையாவது வணங்கி ஜோடி சேரவேண்டியதுதான். கூட்டம் நெரிந்தால் வெளிப்பக்கமாகத்தான் வீசவேண்டும். உள்பக்கம் வீசினால் அடுத்தவர் முழங்கால் போய்விடும். ஆசிரியர் உங்கள் அருகே வந்து திருத்தும்போது சுற்றியிருப்பவர்கள் மண்டியிட்டுப் பார்ப்பார்கள். இதையெல்லாம்விடப் பெரிய விதி, ‘எங்கள் கூடத்தில் இப்படிச் செய்வோம்’ என்று வாய் திறக்காமல் இருப்பது. வந்த இடத்தில் வந்தவருடைய முறையைத்தான் செய்துபார்க்கவேண்டும். சொந்த ஊர்ப் பழக்கத்தையே இரண்டு நாளும் செய்துவிட்டுத் திரும்புபவருக்கு நுழைவுக் கட்டணம் வீண்.

நடத்துபவர் பாடு இன்னும் பெரிது. ஹால் பிடித்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் முதல் நாளே தவிப்பார்கள். ஒரு ஜோடி தாராளமாக உருண்டு எழ இரண்டு மீட்டர் நீளப் பாய் குறைந்தது மூன்று வேண்டும். அந்தக் கணக்குக்கு மேல் ஆள் சேர்க்கக்கூடாது. கடன் வாங்கிய பாய்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகும். அந்த இடுக்கில் சிக்குவது கால் விரல்தான். ஆகவே இரவோடு இரவாக இணைப்புகளை நாடாவால் ஒட்டவேண்டும், ஒவ்வோர் இடைவேளையிலும் நடந்துபார்க்கவேண்டும். பனிக்கட்டி, முதலுதவிப் பெட்டி, காப்பீடு, பக்கத்து மருத்துவமனைக்கு வழி எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். ஆசிரியரை விமான நிலையத்தில் வரவேற்க ஒருவர், அவருடைய ஹகாமா என்ற அகன்ற கால்சட்டையை மடித்துவைக்க மூத்த மாணவர் ஒருவர், கடைசி நாளில் சன்மானத்தை உறையிலிட்டுத் தர ஒருவர். உறையை எல்லோர் முன்னாலும் நீட்டக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பல முகாம்களில் தேர்வு நடக்கும். டான் என்னும் கறுப்பு பெல்ட் படிகளில் முதல் டானிலிருந்து நான்காம் டான் வரைதான் தேர்வு. ஐந்தாம் டானிலிருந்து பரிந்துரைதான், அறிவிப்பு ஜனவரியில் வரும். தலைமைக் கூடத்தின் விதிப்படி இரண்டாம் டானுக்கு ஓராண்டும் 200 நாள் பயிற்சியும், மூன்றாம் டானுக்கு ஈராண்டும் 300 நாளும், நான்காம் டானுக்கு மூவாண்டும் 400 நாளும் குறைந்தபட்சம் கழிந்திருக்கவேண்டும். மூன்றாம் டானுக்கு வந்தால் கத்தி, வாள், தடி எதிர்ப்போடு பலர் சேர்ந்து தாக்குவதையும் சமாளிக்கவேண்டும். டான் பெற்றவர் கையில் ஒரு சிறு பதிவேடு இருக்கும். கலந்துகொண்ட முகாம்கள் அதில் ஏறும். நாலு ஆசிரியர் கைபடாமல் ஒரே கூடத்தில் வளர்ந்தவரா என்பது அதைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

பள்ளிகளுக்கிடையே இருந்த சுவரை இறக்கப் பாடுபட்டவரும் அதே பிரானின்தான். 1985-இல் டோக்கியோவில் வெவ்வேறு பள்ளி ஆசிரியர்களை ஒரே மேடையில் ஏற்றினார். 2002-இல் லாஸ் வேகாஸில் அவர் கூட்டிய ஐகி எக்ஸ்போவில், காலையில் ஒரு பள்ளி ஆசிரியரிடமும் மாலையில் வேறொரு பள்ளி ஆசிரியரிடமும் ஒரே மாணவர் கற்கமுடிந்தது. அத்தகைய கலப்பு முகாமை நடத்த விரும்புபவர் ஒன்றை மனத்தில் வைக்கவேண்டும். ஒரு பள்ளிக்காரர் மெதுவாக உருள்வார், இன்னொருவர் எதிராளி உயர எழும்பி விழுவார் என்று எதிர்பார்த்து வீசுவார். முன்பின் பழகாத இருவரை முதல் நிமிடமே முழு வேகத்தில் மோதவிட்டால் தோள்பட்டை விலகும். முதல் அரைமணி நேரத்தை விழும் முறைக்கே ஒதுக்கி, எதிராளி எந்த அளவு தாங்குவார் என்று இருவரும் தெரிந்துகொண்ட பிறகே மணிக்கட்டைப் பிடிக்கவிடலாம்.