கப்ரு இல்லாத தர்கா

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்காவைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. சபுர் சென்று மீண்ட முதியோர் வாயிலாகக் கறம்பக்குடியில் நம் இளமையிலேயே கேட்டறிந்த பெயர் அது. அவர்கள் அங்கே ஃபாத்திஹா ஓதினார்கள். நாமோ ஒரு மரபுடைமை மையத்தின் பார்வையாளராக நுழைந்தோம். இவ்வேறுபாடு நம்மைச் சிந்திக்க வைத்தது.

1827இல் இந்நிலம் காதிர் பிள்ளை என்பாருக்கு வழங்கப்பட்டபோது, வேறு நோக்கத்திற்கு இதனைப் பயன்படுத்தலாகாது என நிபந்தனை விதிக்கப்பட்டது. 1828க்கும் 1830க்கும் இடையே, சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கட்டடத்தை எழுப்பினர். 1974இல் இது தேசிய நினைவுச்சின்னமாயிற்று. பின்னர் நெடுநாள் மூடிக்கிடந்து, செப்பனிடப்பெற்று, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாகத் திறக்கப்பட்டது.

வக்ஃபு செய்தவரின் நிபந்தனை ஷரீஅத்தின் மூலவாசகம் போல் பேணத்தக்கது என்பது ஃபுகஹாக்கள் வகுத்த விதி. அதனை அளவுகோலாகக் கொண்டால் இம்மாற்றம் தகுமா? விடை இக்கட்டடத்தின் தோற்றத்திலேயே உள்ளது. இங்கே கப்ரு இல்லை. ஷாஹுல் ஹமீது நாயகம் அடங்கியிருப்பது நாகூரில். அந்நாளில் இத்தெரு கடற்கரையாக இருந்தது. பாய்மரக் கப்பல்களிலிருந்து நலமாகக் கரையேறியோர், தம் ஊரின் இறைநேசரை நினைந்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தக் கட்டிய நினைவிடம் இது. நினைவு கூர்தலே இதன் ஆதி நோக்கம். ஆகவே, நினைவைக் காக்கும் மையமாக இது மாறியதை நோக்கப் பிறழ்வு என்று நாம் கருதவில்லை.

ஆயினும், சுவரைச் செப்பனிடுவதோடு நினைவு காக்கப்பட்டுவிடாது. 1872இல் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ சிங்கப்பூரில் அச்சேறியது. 1887இல் மகுதூம் சாயபு அங்கே ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கினார். அக்கரை சென்றோர் சரக்கோடு தமிழையும் கொண்டு சென்றனர். அந்நூல்களைப் படிக்க இயலாத தலைமுறைக்கு மினாராவும் தூணும் வெறும் காட்சியாகவே எஞ்சும்.

இக்குறை கடலுக்கு அப்பால் மட்டும் உள்ளதன்று. சபுர் சென்றோர் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்கள் நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. நம் மாணவர்கள் அரபி அறிவர், தமிழும் அறிவர், எனினும் அக்கடிதம் ஒன்றைத் தடையின்றி வாசிப்போர் அருகிவிட்டனர். அரபிக் கல்லூரிகள் வாரம் ஒரு பாடவேளையேனும் இதற்கு ஒதுக்குதல் கடமை. கற்பிக்கும் நாமே இதில் பிந்திவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.