சிமியோனின் கைகள்

சிமியோனைக் குறித்துப் பிரசங்கிக்கும்போது, நாம் அவரைத் தள்ளாத வயதினராகவே சபையின்முன் நிறுத்துகிறோம். ஆனால் லூக்கா அன்னாளின் வயதைக் குறிப்பிடுகிறாரேயன்றி, சிமியோனின் வயதை எங்கும் கூறவில்லை. சாவுக்கு ஆயத்தமானவர் முதியவராகவே இருத்தல்வேண்டும் என்று மரபு முடிவு செய்தது. நாமும் அதனை ஏற்றுக்கொண்டோம். முதுமை என்பது முடிவுக்குக் காத்திருக்கும் காலமே என்னும் மனப்பான்மை இதில் மறைந்திருக்கிறது.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) இக்காட்சியை இளமையிலும் முதுமையிலும் தீட்டினார். ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹைஸ் அருங்காட்சியகத்திலுள்ள 1631ஆம் ஆண்டு ஓவியத்தில் தேவாலயமே ஓங்கி நிற்கிறது. உயர்ந்த தூண்களின் கீழே, ஒளிவட்டத்தில் மண்டியிட்டிருக்கும் சிமியோன் சிற்றுருவாகவே தோன்றுகிறார். இருபத்தைந்து வயதினர் தொலைவிலிருந்து கண்ட முதுமை அது.

பின்னர் ஓவியர் 1656இல் கடனால் உடைமைகளை இழந்தார். 1668இல் மகன் டைட்டசையும் இழந்தார். மறு ஆண்டு அவர் மரித்தபோது முற்றுப்பெறாதிருந்த சிமியோன் ஓவியம் இன்று ஸ்டாக்ஹோமில் உள்ளது. இதில் தூண்களும் இல்லை, கூட்டமும் இல்லை. பாதி மூடிய கண்கள், சற்றே திறந்த வாய், குழந்தையைத் தாங்கி நீண்ட இரு கைகள் ஆகியவையே உள்ளன. அக்கைகள் குழந்தையை இறுகப் பற்றவில்லை. விறைத்த விரல்களோடு ஏந்திநிற்கின்றன. பற்றும் வலிமை குன்றியபின்னும் பெற்றுக்கொள்ளும் ஆற்றல் குன்றுவதில்லை என்று ஓவியர் நமக்கு உணர்த்துகிறார்.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வோவியத்தின் அமைதியை மட்டும் கண்டு, முதியோர் அமைதியாயிருப்பதே அழகு என்று நாம் முடிவுகட்டலாகாது. வேதத்தின் சிமியோன், வரவிருக்கும் துயரத்தை மரியாளிடம் மறையாது உரைத்தவர். அன்னாளோ மீட்புக்குக் காத்திருந்தோருக்கெல்லாம் குழந்தையைக் குறித்துப் பேசினவள். ஸ்டாக்ஹோம் ஓவியத்தின் பின்புறத்தில் நிற்கும் பெண் யாரென்பது தெளிவாயில்லை. அவ்வுருவம் பிறரொருவரால் சேர்க்கப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்ஙனமாயின், அன்னாளின் குரலுக்கு இவ்வோவியத்தில் இடமில்லை. இதனை ஒரு குறையென்றே நாம் கருதுகிறோம்.

ஆண்டுக்கு ஒருமுறை முதியோருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, சபையின் ஆலோசனைகளில் அவர்களை மறந்துவிடுகிறோம். ஆலயத்திற்குள் வந்த ஆண்டவரை அடையாளங்கண்டு அறிவித்தவர்களுள், எண்பதைக் கடந்த ஒரு விதவையும் இருந்தாள் என்பதை நாம் நினைவுகூர்வோமாக.