தமிழிசைச் சங்கமும் தனி மேடையும்

கலையொன்றை வளர்ப்பதற்கென்று தோன்றும் சங்கம், அக்கலை ஏற்கெனவே குடிகொண்டிருக்கும் சபைகளுக்குள்ளே சென்று தன் பங்கைக் கேட்பதா, அல்லது தனக்கென்று ஒரு மேடையை அமைத்துக்கொண்டு அங்கே தன் லட்சியத்தை நடத்திக்காட்டுவதா என்ற கேள்விக்கு, தமிழிசைச் சங்கம் தேர்ந்துகொண்ட விடை இரண்டாவது. அந்த விடையினால் விளைந்த நன்மையும் குறையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த கச்சேரிகளை நினைத்துப் பார்த்தால் தமிழிசை இயக்கத்தின் நியாயம் விளங்கும். வர்ணம் தொடங்கித் தனி ஆவர்த்தனம் வரையில் தெலுங்கிலும் சம்ஸ்கிருதத்திலுமாகக் கழிந்த பிறகு, சபையில் ஒரு பகுதியார் மேல்வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்திருக்கும் வேளையில், துக்கடா என்ற பெயரில் ஒரு திருப்புகழோ பதமோ விருத்தமோ வந்து போகும்; பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தாய்மொழி தமிழாக இருக்க, அந்த மொழிக்குக் கிடைத்த இடம் அவ்வளவே. இக்குறையைப் போக்கும் எண்ணத்துடன் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பொருளுதவி செய்ய, 1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மகாநாடு கூடிற்று, திருச்சி, தேவகோட்டை முதலிய ஊர்களிலும் மகாநாடுகள் தொடர்ந்தன, 1943-இல் ஆர். கே. சண்முகம் செட்டியாரைத் தலைவராகக் கொண்டு சென்னையில் சங்கம் நிலைபெற்றது. ராஜாஜியும் டி. கே. சி.யும் கல்கியும் இதன் பக்கம் நின்று வாதாடினார்கள். இதற்கு மாறாக, சங்கீதத்தின் தரம் தாழும்படி மொழியபிமானம் குறுக்கிடலாகாதென்று சென்னை மியூசிக் அகாடமி 1941-இலேயே தீர்மானம் செய்திருந்தது.

எதிர்த்தவர்களின் வாதத்தைத் துவேஷமென்று தள்ளிவிடுவது முறையன்று. ராக ஆலாபனைக்கும் நிரவலுக்கும் கற்பனைஸ்வரத்திற்கும் இடந்தரும்படி மெருகேறிய தமிழ்க் கீர்த்தனைகள் அக்காலத்து வித்துவான்களின் பாடாந்தரத்தில் குறைவாகவே இருந்தன என்பது உண்மை. ஆனால் அந்தக் குறைவுக்குக் காரணம் மொழியின் இயலாமையன்று, புறக்கணிப்பே என்பதற்கு, 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்து 1940-இல் மறைந்த கோடீசுவர ஐயர் ஒருவரே போதிய சாட்சி.

இந்தப் புறக்கணிப்புக்கு இயக்கம் கண்ட பரிகாரத்தில்தான் அதன் தலையாய பெருமை இருக்கிறது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோரின் கீர்த்தனைகளை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஸ்வரப்படுத்தி நூல்களாக வெளியிட்டதனால், பாடுவதற்குப் பாட்டில்லை என்ற சாக்கு அடியோடு ஒழிந்தது. சங்கம் 1949 முதல் நடத்திவரும் பண்ணாராய்ச்சிக் கூட்டங்கள், ஓதுவார்களையும் இசைப்புலவர்களையும் ஒரே அவையில் இருத்தி, மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும் பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும் வழங்கிவருவதை எடுத்துக்கொண்டு, பண்களின் பண்டைய உருவத்தை விசாரித்தன. ஆபிரகாம் பண்டிதர் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தனியொருவராகத் தஞ்சையில் தொடங்கிவைத்த ஆராய்ச்சிக்கு, இவ்வாறு ஒரு ஸ்தாபனத்தின் ஆதரவு வாய்த்தது சிறிய காரியமன்று.

எனினும் புத்தகத்தில் ஏறிய பாட்டெல்லாம் தொண்டையில் ஏறிவிடுவதில்லை. தியாகராஜரின் கிருதி ஒன்று வித்துவானிடம் வந்து சேரும்போது, மூன்று நான்கு தலைமுறைச் சிஷ்யர்கள் பாடிப் பாடிச் சேர்த்த சங்கதிகளோடு வருகிறது. நிரவலுக்கு எந்த அடியை எடுப்பது, ஸ்வரத்தை எந்த இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என்பனவெல்லாம் குருவின் வாயிலாகவே தெரிந்துவிடுகின்றன. மூல மெட்டு மறைந்துபோய்ப் புதிதாக ஸ்வரப்படுத்தப்பட்ட கீர்த்தனைக்கோ அந்தச் சம்பத்து இல்லை. அதைத் தினந்தோறும் பல சபைகளில் பாடித்தான் சம்பாதிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் தமிழிசை மேடைக்கென்றே பாடம் பண்ணிக்கொண்டு வந்து பாடினால், அப்பாட்டு எப்படிப் பழுக்கும்?

தனி மேடையின் குறை இங்கேதான் தெரிகிறது. தமிழ்ப் பாட்டுக்கென்று ஒரு சபை ஏற்பட்டதும், மற்றச் சபைகளுக்குப் பொறுப்பு நீங்கியது போலாயிற்று; ஒரே வித்துவான் எஸ்பிளனேடில் ராஜா அண்ணாமலை மன்றத்தில் முழுதும் தமிழில் பாடிவிட்டு, அதே மார்கழியில் வேறு சபைக்குச் சென்று பழைய வரிசையில் பாடுவதில் யாருக்கும் முரண்பாடு தோன்றவில்லை. மேலும், சங்கம் கச்சேரியின் மொழியை மாற்றியதே அன்றி அமைப்பை மாற்றவில்லை. மார்கழி விழா, காலையில் வித்வத்சபை, மாலையில் கச்சேரி, ஆண்டுதோறும் ஒரு பட்டம் என்று அகாடமி வகுத்த பாதையிலேயே அதுவும் நடந்தது. அங்கே சங்கீத கலாநிதி என்றால், 1957 முதல் இங்கே இசைப்பேரறிஞர். கோயிலில் தாளமின்றிச் சுத்தாங்கமாகத் தேவாரம் பாடும் ஓதுவாரின் முறை, ஆராய்ச்சிக்குப் பொருளாகப் போற்றப்பட்டதே தவிர, மாலைக் கச்சேரியின் உருவத்தைச் சிறிதும் அசைக்கவில்லை.

பிற சபைகளில் தமிழ் நுழைந்ததே இல்லையென்று சொன்னால் அது அநியாயமாகும். பாபநாசம் சிவனின் கீர்த்தனைகள் எந்தச் சபையிலும் தயக்கமின்றிப் பாடப்படுகின்றன. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு அமைத்த மெட்டுக்கள் நாடெங்கும் பரவின. ஆனால் இவை பரவியது, பெரிய வித்துவான்கள் தம் வழக்கமான கச்சேரிகளிலேயே அவற்றை எடுத்தாண்டு, சிஷ்யர்களுக்கும் பாடஞ்சொல்லி வைத்ததனால். தனி மேடை பாட்டைக் காப்பாற்றுகிறது, பொது மேடையே அதை வளர்க்கிறது என்பதை இவ்வுதாரணங்கள் காட்டுகின்றன.

ஆகவே, சங்கம் தோன்றியது தவறென்று நான் கூற வரவில்லை. அது தோன்றாதிருந்தால் நாம் இன்று விவாதிப்பதற்குக்கூடப் பாட்டு மிஞ்சியிராது. ஆனால் அப்பாட்டு பொது மேடையில் வேரூன்ற வேண்டுமானால், மாற்றம் ஆரம்பப் பாடத்திலேயே தொடங்கவேண்டும். கீதமும் வர்ணமும் பிற மொழியிலேயே கற்று முடித்த பிள்ளை, பெரிய வித்துவானாகிய பின் தமிழை விருந்தாளியாகவே உபசரிப்பான். அந்த ஆரம்பப் பாடத்தை மாற்றும் காரியம் மகாநாட்டுப் பந்தலில் நடக்கக்கூடியதன்று. தன் கல்லூரியில் பாடம் சொல்லிவரும் சங்கம், ஊர் ஊராக வீட்டுத் திண்ணையில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களையும் தன் அங்கத்தினராகக் கொண்டு, அவர்கள் கையில் எளிய தமிழ்க் கீதங்களையும் வர்ணங்களையும் சேர்ப்பதில் தன் செல்வத்தில் ஒரு பகுதியைச் செலவிடுமானால், பட்டங்களாலும் விழாக்களாலும் கிட்டாத வெற்றி அதற்குக் கிட்டும்.