மூன்று நாள் சுவர்

பொது நூலகங்களில் நடக்கும் ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி யார் குறை சொன்னாலும் வருகிற பதில் ஒன்றுதான்: கலைக்கூடத்தின் படியேறாத மக்களைத் தேடி ஓவியம் வருகிறதே, அது போதாதா? போதாது என்பது என் கட்சி.

நல்லதை நான் மறுக்கவில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. கூடத்துக்கு வாடகை கட்ட முடியாத இளம் ஓவியருக்கு ஒரு சுவர் கிடைக்கிறது. அசல் ஓவியம் பார்க்க வேண்டுமானால் சென்னைக்கு வண்டி ஏற வேண்டும் என்று இருக்கும் தருமபுரிக்காரருக்கோ தென்காசிக்காரருக்கோ, தம் ஊர் மைய நூலகத்தில் ஒரு நீர்வண்ணப் படம் தொங்குவது சின்ன விஷயமில்லை.

ஆனால் அது தொங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். நாளிதழ்ப் பிரிவில் ஜன்னலுக்கு ஜன்னல் நைலான் கயிறு கட்டி, கிளிப் மாட்டி, ஆள் உயரத்துக்கு மேலே படங்கள். சட்டமிட்டவற்றின் கண்ணாடியில் குழல்விளக்கு விழுந்து பாதிப் படம் மறைந்துவிடுகிறது. கீழே போட்டித் தேர்வுப் பிள்ளைகள் குரூப் 4 வினாத்தாளில் தலை நிமிராமல் இருக்கிறார்கள். அவர்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஓவியரின் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா, எந்த ஆண்டு வரைந்தது என்பதெல்லாம் இருக்காது. இவை திருத்தக்கூடிய குறைகள். அக்கறையுள்ள நூலகர் ஒரே நாளில் சரிசெய்துவிடுவார். என் நெடுநாள் மனத்தாங்கல் வேறு.

கண்காட்சி முடிந்த மறுநாள் அந்த நூலகத்தில் என்ன மிஞ்சுகிறது? திறப்பு விழா, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து, மூன்றாம் நாள் மாலை ஓவியர் தம் படங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புரவலர் ஆனவரின் பெயர் பலகையில் வருடக்கணக்காக இருக்கிறது. படம் தந்தவரின் பெயர் நூலகத்தின் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஒரு சிறு பட்டியல் நூல்கூட அச்சாவதில்லை.

சேர்த்து வைப்பதும் இரவல் தருவதும்தான் நூலகத்தின் வேலை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்து, சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழி செய்தது அந்த வேலைக்காகத்தான். இன்று சொத்து வரி ரூபாய்க்குப் பத்து காசு வீதம் ஊரே அதைக் கட்டுகிறது. நூலகத்தை வளர்ந்துகொண்டே இருக்கும் உயிராக 1931-லேயே பார்த்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் பெயரை மேடைதோறும் சொல்லிவிட்டு, வந்ததைச் சேர்க்காமல் அனுப்பிவைப்பது எந்த வகை நூலகப் பணி?

புத்தகம் பெரும்பாலும் முதல் சந்திப்பில் வாசகனைப் பிடிப்பதில்லை. புரட்டிப் பார்த்து வைத்துவிட்டுப் போகிறோம். ஆறு மாதம் கழித்து அதே தட்டில் அது நிற்பதைப் பார்த்து எடுத்துப் போகிறோம். ஓவியத்துக்குக் காலம் இன்னும் கூடுதலாக வேண்டும். அருவ ஓவியத்தின் முன் புதிதாக நிற்பவருக்கு முதலில் எரிச்சல்தான் வரும். அந்த வழியே பலமுறை போய்வந்த பிறகுதான் நீலம் ஏன் அந்த மூலையில் ஒதுங்கி நிற்கிறது என்பது பிடிபடத் தொடங்கும். மூன்று நாளில் அதற்கு எங்கே நேரம்? பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் போதும் என்பவர்கள் எழும்பூருக்குப் போய்ப் பார்க்கலாம். 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகமும், ரவி வர்மாவின் ஓவியங்களைச் சேர்த்து வைத்திருக்கும் அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. படிக்க வருகிறவர்கள் படித்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நம் மக்களுக்கு ஓவியம் அந்நியம், அதனால் இப்படித்தான் அறிமுகம் செய்ய வேண்டும் என்கிற வாதம் எனக்குக் கோபத்தையே தருகிறது. ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியமும் ‘தில்லானா மோகனாம்பா’ளுக்குக் கோபுலுவும் வரைந்ததை வாரந்தோறும் காத்திருந்து பார்த்த ஊர் இது. சில்பியின் கோயில் சித்திரங்களைக் கத்தரித்துத் தைத்து வைத்த வீடுகள் உண்டு. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’யை ஜூனியர் விகடனில் வாசித்தவர்கள் ஆதிமூலத்தின் கோடுகளையும் சேர்த்தே வாசித்தார்கள். அந்தத் தாள்கள் வீட்டிலேயே தங்கியதால் கண் பழகியது. இன்று நூலகத் தட்டுகளில் இருக்கும் ‘பொன்னியின் செல்வன்’ பதிப்புகள் பலவற்றில் மணியத்தின் ஒரு கோடுகூட இல்லை. ஓவிய நூல்களோ, விலை அதிகம் என்ற காரணத்தால் குறிப்புதவிப் பிரிவில் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. மேலே கயிற்றில் படம் தொங்கும் நாட்களில்கூட அந்தப் பூட்டு திறந்து நான் கண்டதில்லை.

ஜெர்மனியில் பல நகரங்களின் பொது நூலகங்களில் சட்டமிட்ட ஓவியத்தையே இரவல் வாங்கிப்போய்ச் சில வாரங்கள் வீட்டில் மாட்டி வைத்துவிட்டுத் திருப்பித் தரலாம். இங்கே அதைச் சொன்னால் பணம் இல்லை, கரையான் அரிக்கும், தணிக்கையில் கேள்வி வரும் என்பார்கள். கரையான் புத்தகத்தையும்தான் அரிக்கிறது. அதற்காக யாரும் புத்தகம் வாங்காமல் விடுவதில்லை. பந்தல், பொன்னாடை, பதாகைக்கு ஆகும் செலவில் உள்ளூர் ஓவியர் ஒருவரின் படத்தை உரிய விலை கொடுத்து வாங்கிவிடலாம். பணத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் விழாவைக் கைவிட மனமில்லாதவர்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

அடுத்த முறை வாசகர் வட்டத்தினர் கண்காட்சிக்கு இடம் கேட்டு வரும்போது நூலகர் ஒரு நிபந்தனை விதிக்கட்டும்: தொங்கும் படங்களில் ஒன்றையாவது விலைக்கு வாங்கி நூலகத்துக்குத் தர வேண்டும். அதற்குப் புத்தகத்தைப் போலவே பதிவேட்டில் எண் போட்டு, ஓவியரின் பெயரோடு கண் மட்டத்தில் மாட்ட வேண்டும்; பக்கத்து மேசையில் பூட்டில்லாமல் பத்து ஓவிய நூல்கள் இருக்க வேண்டும். இதற்கு இசையாதவர்கள் பள்ளி அரங்கிலோ மண்டபத்திலோ கண்காட்சியை நடத்திக்கொள்ளட்டும்.