“வாங்கன்னு சொல்லு, கண்ணு”

கேரளத்தில், பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே பாடம் நடக்கும். மூன்று வயதுப் பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டு நிற்கும். “மாமா வந்திருக்காங்க பாரு, வாங்கன்னு சொல்லு கண்ணு” என்பார் அம்மா. பிள்ளை வாயைத் திறக்காது. இரண்டு மூன்று ‘சொல்லு’க்குப் பிறகு, சுவரைப் பார்த்தபடி ஒரு “வாங்க” விழும். ஏன் சொல்ல வேண்டும் என்று யாரும் விளக்குவதில்லை. அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ கிளீசனும் சாண்ட்ரா வைன்ட்ராபும் 1976-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே காட்சிதான். ஹாலோவீன் இரவில் மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகளைப் பெற்றோர் “தேங்க்யூ சொல்லு” என்று தூண்டினார்கள், பொருள் சொல்லவில்லை.

கிளிப்பிள்ளைப் பாடம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. தமிழில் மரியாதை தனிச்சொல்லில் இல்லை. வீட்டுக்குள் யார் ‘நன்றி’ சொல்கிறார்கள்? மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. வந்தானா, வந்தாரா, வந்தாங்களா என்று முடிவெடுக்காமல் நம் பிள்ளையால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளைக்கு அப்பன் வந்தாலும் தம்பி வந்தாலும் ‘வந்நு’தான். நம் பிள்ளையின் அந்தக் கடினமான முடிவுக்கு ஒரு தயார் வடிவத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது இந்தத் தூண்டல். ஆனால் இதைவிட நான் உயர்வாக மதிப்பது, கொங்குச் சாயல் கொண்ட பாலக்காட்டுச் சித்தூர்த் தமிழில் பிள்ளையையே “வாங்க சாமி, சாப்பிடுங்க” என்று அழைக்கும் வழக்கம். அப்படி அழைக்கும் வீடுகளில் ‘சொல்லு’ என்ற அதட்டலே தேவைப்படுவதில்லை.

இடுக்கியில் சிக்கல் வேறு. தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் சித்தி, எல்லாருக்கும் ‘நீங்க’. பள்ளியில் அதே பிள்ளை ‘நீங்க’வை அப்படியே மலையாளமாக்கி ஆசிரியரிடம் ‘நிங்ஙள்’ என்று சொன்னால் வகுப்பு திரும்பிப் பார்க்கும். மலபாரில் மரியாதையாகப் புழங்கும் அந்தச் சொல், கோட்டயம், பாலா பக்கத்திலிருந்து மலையேறியவர்களின் பேச்சில் பெரியவர்களிடம் சொல்லக்கூடாதது. அங்கே முன்னிலைச் சொல்லையே விழுங்கிவிட்டு ‘டீச்சர்’, ‘சேட்டா’ என்று உறவோ பதவியோ சொல்லிப் பேச வேண்டும். வீட்டில் கற்ற மரியாதையே வகுப்பில் மரியாதைக் குறைவாகிவிடுகிறது.

மீண்டும் சித்தூர்ப் பக்கம் வந்தால், தூண்டலின் பெரிய குறை அது நடக்காத இடங்களில்தான் தெரிகிறது. மாமா வந்தால் ‘வாங்க’ சொல்லச் சொல்கிற அம்மா, தேங்காய் பறிக்க வந்த அறுபது வயதுக்காரர் வந்தால் பிள்ளையை எதுவும் சொல்லச் சொல்வதில்லை. உள்ளே திரும்பி “அவன் வந்துட்டான்” என்று மட்டும் குரல் கொடுப்பார். பிள்ளை இரண்டையும் கேட்கிறது. முதல் பாடத்துக்கு இரண்டு மூன்று ‘சொல்லு’ தேவைப்பட்டது. இரண்டாவது ஒரே தடவையில் ஏறிவிடுகிறது. முதலமடை ஊராட்சியின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனிச் சக்கிலியர் குடும்பங்கள் 2017-இல் தீண்டாமைப் புகார் எழுப்பிய வட்டாரம் இது. யாருக்கு ‘ங்க’ கிடையாது என்பதை இங்கே இலக்கணம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

பாலக்காட்டிலேயே இதைத் தொட்ட முயற்சிகளும் உண்டு. மாத்தூர் ஊராட்சி 2021-இல் தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. விண்ணப்பத்தில் கெஞ்சும் சொற்களையும் விலக்கியது. அதன் பிறகு ஓலசேரிப் பள்ளியொன்றில் ஆணானாலும் பெண்ணானாலும் ‘டீச்சர்’ என்றே அழைக்கும் வழக்கம் வந்தது. 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையமும் எல்லாப் பள்ளிகளுக்கும் இதையே பரிந்துரைத்தது. நல்ல முயற்சிகள். ஆனால் இவை மலையாளத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. விளிச்சொல்லை மாற்றினால் அங்கே பாதி வேலை முடிந்துவிடும். தமிழில் வினையின் வால் அப்படியே இருக்கும்.

எல்லையோரத் தமிழ்ப் பிள்ளை அங்கன்வாடியில் பேசுவதைக் கேளுங்கள்: “டீச்சர் வந்தாங்க. ஆயா வந்துச்சு.” இளக்காரம் என்று உடனே தீர்ப்பெழுத எனக்குத் தயக்கம், தன் பாட்டியையும் அது ‘வந்துச்சு’ என்றுதான் பாசமாகச் சொல்லும். பாட்டியை நேரில் பார்த்தால் ‘வாங்க’ என்கிறது. ஆயாவை நேரில் எப்படிக் கூப்பிடுகிறது என்பதையும் ஒருமுறை நின்று கேட்க வேண்டும்.