முகபாவம் இல்லாத நடிப்பு

அனிமேஷன் இயக்குநர் லோட்டே ராய்னிகரின் பாத்திரங்களுக்கு முகபாவம் கிடையாது. கறுப்பு அட்டையில் கத்தரிக்கோலால் வெட்டிய உருவங்கள் அவை. புருவத்தை நெரிக்கவோ உதட்டோரம் சிரிக்கவோ வழியில்லை. அவற்றை நம்பித்தான் 1926இல் ‘இளவரசர் அக்மதின் சாகசங்கள்’ படத்தை எடுத்து முடித்தார். இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அது. டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ வர இன்னும் 11 ஆண்டுகள் இருந்தன. ராய்னிகருக்கு வயது 26.

பணம் போட்டவர் லூயிஸ் ஹாகன் என்ற வங்கியாளர். ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் அவருடைய கார் கொட்டகைக்கு மேலிருந்த அறையில், 1923 தொடங்கி மூன்று ஆண்டுகள் வேலை நடந்தது. கீழே விளக்கு, நடுவில் கண்ணாடி, மேலே கேமரா. கைகால்களைத் தனித்தனியாக வெட்டிக் கம்பியால் மூட்டிய உருவங்களை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்தார்கள். பின்னணியைப் பல கண்ணாடி அடுக்குகளில் பிரித்து வைத்ததால் தட்டையான அட்டைக்குப் பின்னால் மலையும் மேகமும் விலகித் தெரிந்தன.

முகம் பேசாதபோது மூட்டுகள் பேசியாக வேண்டும். ‘அக்மத்’ படத்தில் ஏரியில் நீராடும் தேவதை பரி பானுவின் கழுத்துத் திருப்பத்திலும் மணிக்கட்டின் வளைவிலும் அச்சமும் நாணமும் தெரிகின்றன. சூனியக்காரிக்கும் மந்திரவாதிக்கும் நடக்கும் போரில் இருவரும் சிங்கமும் பாம்புமாகவும் தேளும் சேவலுமாகவும் உருமாறி மோதுகிறார்கள். கோட்டுருவம் ஒன்று கண்ணெதிரே இன்னொன்றாக உருகுவதற்குக் கறுப்பு நிழலைவிடப் பொருத்தமான ஊடகம் இல்லை. இந்த இடத்தில் ராய்னிகருக்கு நிகரானவர்கள் வெகு சிலரே.

ஆனால் யார் எவர் என்பதை நிழல் ஒரே பார்வையில் சொல்லிவிட வேண்டும் என்பதால் மூக்கையும் முதுகையும் விரலையும் மிகைப்படுத்தியே ஆக வேண்டும். ‘ஆப்பிரிக்க மந்திரவாதி’ கொக்கி மூக்கும் நக விரலுமாக வருகிறான்; கதையின் தீமை முழுவதும் அந்த அயலான் மீது ஏற்றப்படுகிறது. காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அதே படத்தில் விகாரமான சூனியக்காரியை இளவரசனுக்குத் துணையாக்கி, உருவம் வேறு குணம் வேறு என்று காட்டத் தெரிந்தவர்தானே அவர்? மந்திரவாதிக்கு அந்த நியாயத்தை அவர் வழங்கவில்லை.

இன்னொரு குறை பிற்காலத்தில் பளிச்சென்று தெரிகிறது. 1949இல் லண்டனில் குடியேறிய பின், தொலைக்காட்சிக்காகத் தேவதைக் கதைகளைக் குறும்படங்களாக எடுத்தார். 1955இல் வெனிஸில் அவற்றுள் ஒன்று பரிசும் பெற்றது. வெட்டு வேலையின் நேர்த்தி குறையவில்லை. ஆனால் உடல் சொல்ல வேண்டியதைப் பின்னணிக் குரலே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது. மோட்சார்ட்டின் இசையில் அவர் 1935இல் எடுத்த ‘பாப்பகேனோ’வில் பறவைகளும் காதலர்களும் இசையின் தாளத்துக்கே அசைகிறார்கள், விளக்கம் சொல்ல யாரும் குறுக்கிடுவதில்லை. ராய்னிகரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறவர்கள் தொலைக்காட்சிக் கதைகளைத் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் பத்து நிமிடப் படத்திலிருந்து தொடங்கலாம்.