துயரில் பாடிய பதிகம்: எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் மன்றாட்டுகள்

திருவனந்தபுரத்தில் தமிழ் வளர்த்த சான்றோர் என்று பேச்செடுத்தால், நம்மவர் வாயில் முதலில் வருவது மனோன்மணீயம் பெ. சுந்தரம் பிள்ளையின் பெயர்தான். தவறில்லை. ஆனால் அவர் தத்துவம் போதித்த அதே மகாராஜா கல்லூரியில் (பாளையத்தில் இன்று யூனிவர்சிட்டி காலேஜ் என்கிறோமே, அதுதான்) தமிழ் கற்பித்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை. அவரை நம் ஆண்டு மலர்களில் கூட அதிகம் காணோம். கிறித்தவக் கம்பர் என்று ஒரு பட்டம் சூட்டி, அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டோம்.

1827-இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கம்பனில் ஊறியவர். 1858-இல் மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பயணக் கதையை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் காப்பியமாக்கினார். 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற அந்நூல் 1894-இல் அச்சேறியது.

நான் சைவன். எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் மதினிக்குத் துணையாக மெடிக்கல் காலேஜ் வளாகத்துப் புற்றுநோய் மையத்தில் பல நாள் இருக்க நேர்ந்தது. குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களை அங்கே எந்நேரமும் பார்க்கலாம். மார்த்தாண்டம் பக்கத்து அம்மா ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல் கணவரின் கட்டிலோரம் நின்று, முணுமுணுப்பாக ஜெபிப்பார். ஒருநாள் கேட்டேவிட்டேன். "கேட்டது கெடைக்குமான்னு எனக்கு எப்பிடி ஐயா தெரியும்? சொல்லி அழ ஒரு ஆளு இருக்குல்லா" என்றார். கிருஷ்ணபிள்ளையை மறுபடி எடுத்துப் படித்தது அதற்குப் பிறகுதான்.

பனியன் கதையில் பிரார்த்தனை வருகிற இரண்டு இடங்கள் முக்கியமானவை. மரண நிழலின் பள்ளத்தாக்கில், நரகத்தின் வாய் அருகே, யாத்திரிகன் கையிலிருக்கும் வாள் பயன்படாமல் போகிறது. அதை உறையிலிட்டுவிட்டு மன்றாட்டை ஆயுதமாக எடுக்கிறான். இன்னொன்று சந்தேகக் கோட்டை. அவநம்பிக்கை என்ற அரக்கன், யாத்திரிகனையும் அவன் தோழனையும் புதன் காலை தொடங்கிச் சனி இரவு வரை அன்ன ஆகாரமின்றி அடைத்துவைக்கிறான். சனி நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்கி, விடியும் வரை ஜெபிக்கிறார்கள். விடியப் போகும்போதுதான் யாத்திரிகனுக்கு நினைவு வருகிறது: வாக்குறுதி என்ற சாவி முதலிலிருந்தே தன் மடியில் இருக்கிறதே! ஜெபம் புதிய சாவி எதையும் கொண்டுவந்து தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயத்தில் மறந்துபோனதை நினைவூட்டியது, அவ்வளவுதான். இது நுட்பமான மனநூல். பனியனே தன் விசுவாசத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர் அல்லவா!

ஆனால் அந்த இரவு முழுக்க அவர்கள் என்ன சொல்லி ஜெபித்தார்கள் என்று பனியன் எழுதவில்லை. உரைநடைக் கதைக்கு அது போதும். தமிழ்க் காது அதோடு நிறைவடையாது என்பது கிருஷ்ணபிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. காப்பிய ஓட்டத்தின் நடுவே, பாடுவதற்கென்றே பதிகங்களை வைத்தார். அவற்றுக்குத் தேவாரம் என்றே பெயரிட்டார். வைணவத்தில் பிறந்து கிறித்தவரானவர் சைவர்களின் சொல்லை எடுத்தது தற்செயலாக இருக்க முடியாது. சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் பாடியதும், கண்ணிழந்த சுந்தரர் ஊர் ஊராகப் போய்ப் பாடியதும் பதிகம்தானே. துன்பம் வந்தால் கடவுளை முன்னிலையில் நிறுத்தி, உரிமையோடு முறையிட நம் மொழி பழக்கிவைத்திருந்த வடிவம் அது. பத்துப் பாட்டு முடிவதற்குள் மூச்சு சீராகிவிடும். ஆறுதலில் பாதி அந்த வடிவத்திலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

குறையும் சொல்ல வேண்டும். அப்பரின் வலி வயிற்றில் இருக்கிறது. குடல் முறுக்குவதை நாம் உணர்கிறோம். கிருஷ்ணபிள்ளையின் வலி பெரும்பாலும் பாவ உணர்வின் வலி. பிள்ளைக்குக் காய்ச்சல், கடன்காரன் வாசலில் என்ற நம்ம வீட்டுக் கஷ்டங்கள் அங்கே நேராக நுழைவதில்லை. பதிகங்களுக்கு வெளியே போனால் கம்பனைப் பின்பற்றும் வருணனைகள் நீண்டுகொண்டே போகின்றன. தவிக்கிறவனுக்கு உவமை அடுக்கு எதற்கு? கட்டிலோரம் நின்ற அந்த அம்மாவிடம் இந்த விருத்தங்களைக் கொடுத்தால் அகராதியும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் கோயில்களில் குடியேறியதற்கும், யாத்திரிகம் பாடப்புத்தகத்தில் நின்றுபோனதற்கும் காரணம் வேறு தேட வேண்டாம்.

இந்தக் குறையை மீறி நிற்கிற பகுதி, குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இரட்சணிய சரிதப் படலம். அந்தப் பாடுகளின் தொடக்கத்தில் நற்செய்தி நூல்கள் வைத்திருப்பது கெத்செமனே தோட்டத்து இரவு. அங்கே மூன்று முறை ஜெபம், சீடர்களோ தூக்கத்தில். பாத்திரம் நீங்கவில்லை. கேட்டவருக்குக் கேட்டது கிடைக்கவில்லை. எழுந்து நடக்கும் தெம்பு மட்டும் கிடைத்தது. கிறித்தவ மன்றாட்டின் ஆறுதல் இந்த இடத்தில்தான் வேர்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். துன்பத்தைப் போக்கும் மந்திரமாக அதை விற்பவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. மார்த்தாண்டத்து அம்மா புரட்டியிருந்தார்.

நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலும் தெருவில் மலையாளத்திலும் பேசுகிறார்கள். எந்த மதத்தவரானாலும், நெஞ்சு பதறும் நேரத்தில் எந்த மொழியில் அழைப்பார்கள்? யாத்திரிகத்தின் பதிகங்களையும், அவர் தனியே பாடிய 'இரட்சணிய மனோகர'த்திலிருந்து எளிய சில பாடல்களையும் பிரித்து, அரும்பதக் குறிப்போடு சிறு நூலாக்கினால் ஐம்பது பக்கம் தாண்டாது. பண்ணோடு பாடிக் கற்பிக்க ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் போதும். சங்கத்து நூலகத்துப் படி ஒட்டுப்போட்ட நிலையில் இருக்கிறது. அதிலிருந்து படியெடுக்க நான் தொடங்கிவிட்டேன்.